கர்னல் விழுந்தது, டம்ப் விழவில்லை

கேள்வி: பெருந்துறைப் பக்கம் ஒரு நூல் மில்லில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேனுங்க. இயங்குதளம் அல்மாலினக்ஸ் 9, 16 ஜிபி ரேம். அடிக்கடி கர்னல் பேனிக் ஆகி (இயங்குதளத்தின் மையப்பகுதியே முடங்கி), தானாக ரீபூட் ஆகிவிடுகிறது. ஒரு பழைய குறிப்பைப் பார்த்து பூட் அமைப்பான கிரப்பில் 'கிராஷ்கர்னல்=ஆட்டோ', 'என்ஆர்_சிபியுஸ்=1' இரண்டையும் சேர்த்தேன். விழுந்த நேரத்து மெமரியின் நகலான டம்ப் ஒன்றும் கிடைக்கவில்லை, அதோடு சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர் நகரவே மாட்டேன் என்கிறது. என்ன பண்ணட்டுங்க?
— வாசகர், பெருந்துறை

பதில்: முதல் வேலையாக அந்த என்ஆர்_சிபியுஸ்=1-ஐ எடுங்க. உங்கள் சர்வரில் எத்தனை கோர் இருந்தாலும் இப்போது ஒன்றுதான் ஓடுகிறது, சம்பளக் கணக்கு பாவம் என்ன செய்யும்! பேனிக் ஆன பிறகு எழுந்துவந்து டம்ப் எடுக்கிற இரண்டாவது கர்னலுக்கான பாராமீட்டர் அது. டம்ப் வேலையைக் கவனிக்கிற கேடம்ப் சர்வீஸே அதை அந்தக் கர்னலுக்குக் கொடுத்துவிடும், நீங்கள் தொட வேண்டியதில்லை.

நீங்கள் கிரப்பில் போட வேண்டியது கிராஷ்கர்னல் மட்டும். லாரிக்கு ஸ்டெப்னி மாதிரி, பூட் ஆகும்போதே கொஞ்சம் ரேமை இரண்டாவது கர்னலுக்கென்று ஒதுக்கி வைக்கிறது அது. அதனால்தான் மாற்றிவிட்டு ரீபூட் பண்ணாமல் விட்டால் பலன் இல்லை. 'ஆட்டோ' ரெட்ஹாட் 8 வரைக்கும் இருந்தது, 9-ல் எடுத்துவிட்டார்கள், ரெட்ஹாட்டைப் பின்பற்றுகிற அல்மாவும் அதே வழிதான். உங்கள் 16 ஜிபிக்கு 256எம் (256 எம்பி) போடுங்க, 4 முதல் 64 ஜிபி வரை 9-ன் இயல்பான அளவும் அதுவே. சிலர் இருக்கட்டுமே என்று 1 ஜிபி ஒதுக்குவார்கள், தேவையில்லாத செலவு. ஆனால் ரொம்பக் குறைத்தால் இரண்டாவது கர்னல் மெமரி போதாமல் நடுவழியிலேயே நின்றுவிடும். கிரப்பை மாற்ற உதவும் கிரப்பி கட்டளையில் எல்லா கர்னலுக்கும் சேர்த்தே மாற்றுங்க, இல்லையென்றால் அடுத்த கர்னலில் பூட் ஆகும்போது பழைய கதைதான்.

ரீபூட் ஆனதும் சிஸ்/கர்னல் அடைவில் கெக்ஸெக்_கிராஷ்_சைஸ் கோப்பைப் பாருங்க. பூஜ்யம் என்றால் ஒதுக்கீடே நடக்கவில்லை. பக்கத்தில் கெக்ஸெக்_கிராஷ்_லோடட் 1 என்று காட்ட வேண்டும், 0 என்றால் கேடம்ப் சர்வீஸ் ஓடவில்லை.

அப்புறம், சோதித்துப் பார்க்காமல் நம்பாதீங்க. மில் லீவு நாளில் டேட்டாபேஸை நிறுத்திவிட்டு, ரூட்டாக சிஸ்ஆர்கியூ-டிரிக்கர் கோப்பில் 'சி' என்று எழுதினால் மெஷின் அந்த நொடியே விழும். எழுந்ததும் வார்/கிராஷ் அடைவில் தேதி போட்ட ஒரு ஃபோல்டர் இருந்தால் சரி. நிஜமாகவே பேனிக் ஆகிற அன்று, அதற்குள் இருக்கும் பெரிய டம்ப் கோப்பான விஎம்கோரோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னால் பக்கத்திலிருக்கிற விஎம்கோர்-டிமெசேஜ் டெக்ஸ்ட் கோப்பைத் திறந்து கடைசி வரிகளைப் படியுங்க, பாதி நேரம் எந்த டிரைவர் என்று அங்கேயே தெரிந்துவிடும்.