ஆரென்டோங்க் புறாக்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஹோமர் (வீடு திரும்பும் பந்தயப்) புறா விற்பவர்கள் பலரும் ‘ஜான்சன் லைன்’ (ஜான்சன் வம்சம்) என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். யார் இந்த ஜான்சன்?
– வாசகர், பெரம்பூர்

ஒருவர் அல்ல, ஒரு குடும்பம். சரியான உச்சரிப்பு யான்சென். பெல்ஜியத்தின் வடக்கே, நெதர்லாந்து எல்லையை ஒட்டி, கெம்பன் வட்டாரத்தில் இருக்கிறது அவர்களுடைய ஊரான ஆரென்டோங்க். மணல் பூமி, விளைச்சல் சுமார்தான். சுருட்டுத் தொழில்தான் பல வீடுகளுக்குச் சோறு போட்டது. அங்கே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹென்றி யான்சென் பந்தயப் புறா வளர்க்கத் தொடங்கினார். 1914இல் ஜெர்மானியப் படை வந்ததும், சேதி கொண்டுபோகும் என்ற அச்சத்தில் புறா வளர்ப்பை ஒடுக்கியது. போர் முடிந்தபின் மறுபடி தொடங்கிய வளர்ப்பைப் பிள்ளைகள் முன்னெடுத்தார்கள். அவர்களில் சிலர் கல்யாணமே செய்துகொள்ளாமல் அதே வீட்டில் வாழ்ந்தவர்கள். கடைசியாக எஞ்சிய லூயி, நூறு வயது கண்டு 2013இல் காலமானார்.

வெளியிலிருந்து புறா வாங்கிச் சேர்ப்பதை அவர்கள் பெரும்பாலும் தவிர்த்தார்கள். தங்கள் புறாக்களுக்குள்ளேயே ஜோடி சேர்த்து, சுமாரானதைத் தயங்காமல் கழித்தார்கள். அபூர்வமாக வெளிரத்தம் சேர்த்ததும் உண்டு: 1940களின் கடைசியில் லியேஜ் நகரத்துப் புறா வளர்ப்பாளர் ஃபப்ரியின் புறாவோடு கலந்து பிறந்ததுதான் ‘ஹால்வே ஃபப்ரி’, அதாவது பாதி ஃபப்ரி. அதையும் தங்கள் வம்சத்துக்குள்ளேயே கரைத்துக்கொண்டார்கள்.

வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் புறாக்கள் பேர் வாங்கியது குறுந்தூரத்திலும் நடுத்தூரத்திலும்தான். பந்தயத்தில் புறாக்களைப் பறக்கவிடும் இடங்களில், பிரெஞ்சு எல்லையில் உள்ள கியெவ்ரான் ஆரென்டோங்கிலிருந்து சுமார் 140 கி.மீ.; பிரான்சின் ஓர்லெயான் சுமார் 440 கி.மீ. அந்த வேகத்தை நம்பி 1,000 கி.மீ. பந்தயத்துக்கு விட்டால் ஏமாற்றம்தான். நெடுந்தூர வம்சத்தோடு கலந்து பாருங்கள்.

குஞ்சின் காலில் எந்த நாளில் ரிங் (அடையாள வளையம்) மாட்டுவது? சிலது கழன்று விழுகிறது, சிலது ஏறவே மாட்டேன் என்கிறது. ரிங்கைப் பார்த்து வம்சத்தை நம்பலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பொரித்த 7ஆம் நாள் பாருங்கள். நன்றாகத் தீனி கிடைத்த குஞ்சு என்றால் 6ஆம் நாளே தயார். ஹோமருக்கு உள்விட்டம் 8 மி.மீ. ரிங். முன்விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து ரிங்குக்குள் விட்டு, பின்விரலைக் காலோடு படியவைத்து மேலே தள்ளுங்கள். ரிங் ஏறியதும் உள்ளே மாட்டிக்கொண்ட பின்விரலைத் தீக்குச்சி நுனியால் மெல்ல நெம்பி வெளியே எடுங்கள். பலர் மறப்பது இந்தக் கடைசி வேலையைத்தான். விரல் உள்ளேயே நின்றால் வீங்கிக் கறுத்துவிடும். சீக்கிரமே மாட்டிய ரிங் கூட்டுச் சட்டியில் கிடக்கும், மறுநாள் திரும்ப மாட்டுங்கள். 10 நாள் தாண்டினால் எண்ணெய் தடவினாலும் ஏறுவது கஷ்டம், பலவந்தம் வேண்டாம்.

மூட்டில்லாத ரிங் வளர்ந்த காலில் ஏறாது என்பதால்தான் அது சாட்சியாகிறது. நகத்தை வைத்து ரிங்கைச் சுற்றித் தடவுங்கள். வெட்டி ஒட்டிய இடம் இருந்தால் தட்டுப்படும். ஆனால் ரிங் சொல்வது நாட்டையும் ஆண்டையும் எண்ணையும் மட்டுமே. தாய் தகப்பன் யார் என்பதை அது சொல்லாது. பெல்ஜியத்தில் ஒவ்வொரு ரிங்குக்கும் அதே எண்ணோடு உரிமைச் சீட்டு உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். பெரிய விலை என்றால் டி.என்.ஏ. சோதனை.

யான்சென் வீட்டில் புறாக்கள் ஓட்டுக்கூரைப் பரணில் இருந்தனவாமே, அதில் என்ன விசேஷம்?
– வாசகர், தண்டையார்பேட்டை

ஈரமின்மை. கீழே இருக்கும் வீட்டின் சூடு மேலே ஏறும், ஓட்டிடுக்கில் காற்று மெதுவாக வெளியேறும். கடலோரத்தில் நமக்கு ஈரம்தான் எதிரி. மொட்டைமாடித் தகரக் கூரைக்கு அடியில் இடைவெளி விட்டு ஒரு பலகைத் தளம் போடுங்கள். காற்று முன்பக்கம் தாழ்வாக நுழைந்து கூரையடியில் வெளியேற வேண்டும். தூங்கும் புறா மேல் நேராக அடிக்கக் கூடாது. ஜோடிக்கு ஒரு கன மீட்டர் இடம் விடுங்கள். மழைக்காலத்தில் தரையைக் கழுவாதீர்கள். எச்சத்தைச் சுரண்டி அள்ளினால் போதும். ஈரத் தரையில்தான் ரத்தக்கழிச்சல் கிருமி பெருகும்.