வயிற்றுக் காயமும் வேக் மெஷினும்: சிஸ்டர் பதில்கள்

சர்ஜரி வார்டு நர்ஸ் நான். ஊர் கொழிஞ்சாம்பாறை, வேலை கோயம்புத்தூரில். வயிற்றுக் காயத்தைப் பற்றியும், காயத்தில் தேங்கும் நீரை உறிஞ்சியெடுக்கும் வேக் மெஷினைப் பற்றியும் உங்கள் ஊர்ப் பெயர் போட்டு கேளுங்கள்.

வண்ணாமடை: குடல் ஓட்டை ஆபரேஷன் முடிந்தும் அப்பாவின் வயிற்றைத் தைக்காமல் மெஷின் போட்டிருக்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களா சிஸ்டர்?

இல்லை. வீங்கிய குடலை உள்ளே திணித்துத் தைத்தால் வயிற்றில் அழுத்தம் ஏறி சிறுநீரகமும் மூச்சும் அடிபடும். அதனால் வேண்டுமென்றே திறந்து வைப்பார்கள். 1984-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் ஒரு டாக்டர் சலைன் பையை வெட்டி வயிற்றோடு தைத்தார். அந்த 'பொகோட்டா பை' இன்றும் அவசரத்துக்குக் கைகொடுக்கிறது. வேக் அதற்கு அடுத்த படி. குடல்மேல் துளையிட்ட பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் ஃபோம், மேலே ஒட்டுப்படலம், குழாய். வழக்கமாக 125 மில்லிமீட்டர் பாதரச அளவில் உறிஞ்சும். உள்ளே தேங்கும் நீர் வெளியேறும், வயிற்றுச் சுவரும் இரண்டு பக்கமும் சுருங்கிப் போகாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். ஷீட் இல்லாமல் ஃபோம் குடலைத் தொடவே கூடாது, குடல் ஓட்டையாகிவிடும். எத்தனை துண்டு ஃபோம் வைத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். வேறு ஆஸ்பத்திரியிலிருந்து, ஃபோம் கணக்கு எழுதிய சீட்டில்லாமல் வந்த ஒருவருக்கு இரண்டு துண்டு எடுத்தோம்; மூன்றாவது உள்ளே ஒரு மடிப்பில் ஒளிந்திருந்தது.

வாளையார்: சிசேரியன் தையல் விட்டுவிட்டது. மெஷினோடு வீட்டுக்குப் போகலாமா?

தோலும் கொழுப்பும் மட்டும் பிரிந்திருந்தால், டாக்டர் சம்மதித்தால், போகலாம். குடல் தெரிகிறதென்றால் ஆஸ்பத்திரிதான். கிளம்புமுன் சார்ஜ் போடுங்கள். செக்போஸ்ட் நெரிசல் உங்களுக்கே தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் மெஷின் நின்றால் ஃபோமை எடுத்துவிட வேண்டும்.

கோவிந்தாபுரம்: குழாயில் சிவப்பாக ரத்தம் வருகிறது.

மெஷினை நிறுத்துங்கள், அழுத்திப் பிடியுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இங்கே டைப் செய்ய வேண்டாம்.

மீனாட்சிபுரம்: முட்டை, மத்தி கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று பாட்டி தங்கைக்குக் கஞ்சி மட்டும் ஊற்றுகிறாள்.

ஐயோ! சதை வளர்வதே புரதத்தில்தான். வயிறு திறந்திருந்தால் கேனிஸ்டரில், அதாவது மெஷின் உறிஞ்சிய நீர் சேரும் டப்பாவில், விழும் ஒவ்வொரு லிட்டர் நீரோடும் ஏறத்தாழ 12 கிராம் புரதமும் போகிறது. கிலோவுக்கு ஒன்றரை கிராம் என்று வைத்தாலும் 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 90 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் 6. கஞ்சியில் என்ன இருக்கிறது? டாக்டர் சாப்பிடச் சொல்லிவிட்டாரென்றால் முட்டை, மத்தி, பயறு எல்லாம் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சித்தூர்: பாட்டி சொன்னது சரி சிஸ்டர். எங்கள் மாமாவுக்கு முட்டை தின்ற மறுநாளே சீழ்.

மறுநாள் வெளியே வந்த சீழ் அதற்கு முன்பே உள்ளே இருந்தது. முட்டை மாட்டிக்கொண்டது.

சித்தூர்: அப்போ பத்தியம் எல்லாம் பொய்யா?

எல்லாம் என்று சொன்னேனா? என் அம்மாவும் பிரசவத்துக்குப் பத்தியம் வைத்தவர்தான், அதில் பூண்டும் கருவாடும் இருந்தன. பட்டினி போடுவது பத்தியம் ஆகாது.

நல்லேப்பிள்ளி: குளிக்கும்போது மெஷினை நிறுத்தலாமா?

வாளையாருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேலந்தாவளம்: கரண்ட் போனால்?

பேட்டரி. மேலே படியுங்கள். இன்னொருவரும் இதையே கேட்டால் பதில் கிடையாது.

எலப்புள்ளி: அம்மாவுக்குச் சர்க்கரைப் புண், காலில்.

அது வேறு கதை. முதலில் ரத்த ஓட்டம் பார்க்க வேண்டும், சர்ஜனிடம் காட்டுங்கள்.

மீனாட்சிபுரம்: பாட்டி இறங்கி வந்துவிட்டாள் சிஸ்டர். வெள்ளைக்கரு மட்டும் தருவாளாம்.

மஞ்சள்கருவையும் கேளுங்கள்.