ஆன்டெலோப் பள்ளத்தாக்கு: கேஎல் நண்பர்கள் கேட்டவை

அரிசோனா மாநிலத்தில் பேஜ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், செம்பாறைக்குள் தண்ணீர் அறுத்துவிட்ட ஒடுக்கமான பிளவுதான் ஆன்டெலோப் பள்ளத்தாக்கு. ஸ்லாட் கேன்யன் என்பார்கள். மேல் பள்ளத்தாக்கு, கீழ்ப் பள்ளத்தாக்கு என்று இரண்டு பகுதி. அந்தப் பக்கம் குழுக்களை அழைத்துப் போய் வருகிறவள் என்பதால் நம் கோலாலம்பூர் தமிழ்ப் பயண நண்பர்கள் என்னிடம் கேட்டார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்டவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். கட்டணம் மட்டும் கேட்காதீர்கள். வருடா வருடம் ஏறுகிறது, அதோடு ரிங்கிட் நிலவரம் வேறு.

செந்தூல் தம்பி: அக்கா, நாங்கள் நாலு பேர் கார் வாடகைக்கு எடுக்கிறோம். கைடு இல்லாமல் நாங்களே உள்ளே போக முடியாதா?

முடியாது தம்பி. அது நவாஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலம். 1997 முதல் அவர்கள் பழங்குடிப் பூங்காவாக நடத்துகிறார்கள். அனுமதி பெற்ற நவாஹோ நிறுவனத்தின் கைடோடுதான் நுழையலாம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்கான வருட அட்டை வைத்திருந்தாலும் இங்கே செல்லாது. முன்பதிவை வீசா கிடைத்த கையோடு செய்துவிடுங்கள். நண்பகல் நேரத்து இடங்கள்தான் முதலில் தீரும்.

காஜாங் அம்மா: என் மகன் ஆகஸ்டில் போகிறான். வெள்ளம் வரும் என்று பயமுறுத்துகிறார்கள். பாலைவனத்தில் ஏதம்மா வெள்ளம்?

பாலைவனத்தில்தான் அம்மா வெள்ளம் இன்னும் மோசம். வெறும் பாறை, இறுகிய தரை, தண்ணீரைப் பிடித்துவைக்கச் செடிகொடி கிடையாது. பெய்த மழை அப்படியே வழிந்து தாழ்ந்த இடத்தைத் தேடி ஓடும். அங்கே தாழ்ந்த இடம் இந்தப் பிளவுதான். உலு லங்காட் பக்கம் அருவியில் குளிக்கும்போது "கெபாலா ஆயர்!" என்று கத்துவார்களே, அதே சங்கதி. தலைக்கு மேல் வெயில் காயும், எங்கோ மலைமேல் பெய்த மழை திடீரென்று இறங்கி வரும். ஆற்றிலாவது கரையேறி ஓடலாம். இங்கே இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. சில இடங்களில் கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுப்படும்.

1997 ஆகஸ்ட் 12ஆம் தேதி கீழ்ப் பள்ளத்தாக்கில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்துபோனார்கள். அன்றைக்கு அந்த இடத்தில் மழை பெரிதாக இல்லை. சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி மேட்டுப் பகுதியில் கொட்டிய இடிமழை வந்து சேர்ந்தது. அப்போது இருந்தவை மர ஏணிகள். தண்ணீர் அவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது இரும்புப் படிகளைப் பாறையில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஆபத்தென்றால் மேலிருந்து கீழே இறக்க வலைகள் உண்டு, நுழைவாயிலில் வானிலை வானொலியும் அபாயச் சங்கும் இருக்கின்றன. இவ்வளவும் வந்த பிறகும் 2010 ஜூலையில் மேல் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து சில பயணிகள் ஒரு திட்டில் சிக்கிக்கொண்டார்கள்.

ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை அங்கே மழைக்காலம். மழை தூரத்தில் கறுத்தாலே சுற்றுலாவை நிறுத்திவிடுவார்கள். "வானம் நீலமாக இருக்கிறதே, ஏன் ரத்து செய்கிறீர்கள்?" என்று கைடிடம் சண்டை போடுகிறவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். உங்கள் மகன் அந்த ஆளாக இல்லாமல் இருந்தால் போதும்.

பெட்டாலிங் ஜெயா: மேல், கீழ் என்று இரண்டு பள்ளத்தாக்கு சொல்கிறார்களே. அம்மாவுக்கு முழங்கால் வலி. எது சரிப்படும்?

மேல் பள்ளத்தாக்கு. வண்டியில் மணல் ஓடை வழியாகக் குலுக்கிக்கொண்டு போய் வாசலில் இறக்கிவிடுவார்கள். உள்ளே தரை சமம், மணல்தான். நீளம் ஏறக்குறைய 200 மீட்டர். ஆனால் வெளியே வந்தபின் பாறைக்கு மேலாகச் சுற்றித் திரும்பும் பாதையில் படிகளும் சரிவும் உண்டு. அம்மா நிலையைச் சொல்லி முன்பதிவின்போதே நிறுவனத்திடம் கேளுங்கள். முதுகுவலிக்காரருக்கு அந்தக் குலுக்கலும் ஒரு விஷயம்.

கீழ்ப் பள்ளத்தாக்கு அதைப்போல இரண்டு மடங்கு நீளம். செங்குத்தான இரும்புப் படிகளில் இறங்கி, ஒருக்களித்து நுழைந்து, மறுபடி ஏறி வெளியே வரவேண்டும். மேல் பள்ளத்தாக்கு அடியில் அகலம், உச்சியில் ஒடுக்கம். கீழ்ப் பள்ளத்தாக்கு அப்படியே தலைகீழ். அதனால் கீழே வெளிச்சம் தாராளம், கால் வைக்கத்தான் இடம் குறைவு. கால் நன்றாக இருக்கிறவர்களை நான் கீழ்ப் பள்ளத்தாக்குக்குத்தான் அனுப்புவேன். பாறையின் வளைவுகள் அங்கேதான் முகத்துக்கு நேராக வரும்.

பிரிக்பீல்ட்ஸ்: படங்களில் மேலிருந்து தூண் மாதிரி ஒளி இறங்குகிறதே, டிசம்பர் விடுமுறையில் போனால் அது கிடைக்குமா? என்ன கேமரா கொண்டுபோவது?

டிசம்பரில் கிடைக்காது. சூரியன் நேர் உச்சிக்குப் பக்கத்தில் வந்தால்தான் அந்த ஒடுக்கமான வாய் வழியாக ஒளி தரைவரை இறங்கும். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை, நண்பகலை ஒட்டி, மேல் பள்ளத்தாக்கில் பாருங்கள். தூசி இல்லாவிட்டால் அந்தத் தூண் கண்ணுக்கே தெரியாது. படங்களில் பளிச்சென்று தெரிவதற்கு யாரோ ஒரு கை மணலை அள்ளி வீசியிருப்பார்கள்.

ஒளித்தூண் இல்லை என்று வருத்தப்படவும் வேண்டாம். மேலே படும் வெயில் சுவருக்குச் சுவர் மோதிச் சிதறிக் கீழே வரும்போது உச்சியில் மஞ்சள், நடுவில் செம்மஞ்சள், அடியில் ஊதா என்று நிறம் மாறும். அதற்குத் தூணே தேவையில்லை.

கேமராவைப் பற்றி ஒன்று: முக்காலிக்கு இடமே இல்லை, செல்ஃபி குச்சியும் கூடாது. கைப்பேசியே போதும். தானியங்கி அமைப்பு செம்மஞ்சளைக் "குறை" என்று நினைத்து வெளிறச் செய்துவிடும், அதனால் வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) நிழல் அல்லது மேகமூட்டத்துக்கு வையுங்கள். திரையில் வெளிச்சமான பாறையைத் தொட்டு ஒளியளவைக் கொஞ்சம் குறையுங்கள். வானம் சட்டத்துக்குள் வந்தால் படம் கெட்டது, பாறையை மட்டும் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கைடுகள் இதையெல்லாம் தினமும் செய்கிறவர்கள். கைப்பேசியைக் கையில் கொடுத்தால் அவர்களே சரிசெய்து, எந்த இடத்தில் குனிந்து எப்படி மேலே பார்க்க வேண்டும் என்றும் காட்டுவார்கள். பெரிய கேமரா கொண்டுபோகிறவர்கள் உள்ளே லென்ஸ் மாற்றாதீர்கள். மேலே காற்றடித்தால் விளிம்பிலிருந்து மாவு போன்ற மணல் பொலபொலவென்று கொட்டும். கழுத்துப்பட்டைக்குள், காதுக்குள், சார்ஜர் ஓட்டைக்குள் எல்லாம் போகும். கண்ணில் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ரவாங்: தோள்பை?

கூடாது. கைப்பை, இடுப்புப் பை எதுவும் கூடாது. தண்ணீர் பாட்டில், கைப்பேசி, கேமரா, அவ்வளவுதான். கடப்பிதழை உள்சட்டைப் பையில் வையுங்கள்.

கிள்ளான் ஆசிரியை: பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பாறை எப்படி அப்படி அலை அலையாக ஆனது?

டீச்சர், இதில் காற்றுக்கும் பங்கு உண்டு, தண்ணீருக்கும் பங்கு உண்டு. சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர் காலத்தில், அங்கே பரந்த மணற்குன்றுகள் இருந்தன. காற்று மணலைச் சாய்வாக அடுக்கியது, மேலே மேலே புதைந்து அது கல்லானது. இப்போது சுவரில் தெரியும் மெல்லிய சாய்ந்த கோடுகள் அந்தப் பழைய காற்று போட்டவை. சிவப்பு, இரும்புத் துருவின் நிறம்.

குடைந்தது தண்ணீர். பாறையில் ஒரு விரிசல், அதில் மணலைச் சுமந்துகொண்டு பாயும் வெள்ளம். உராய்வது உண்மையில் அந்த மணல்தான். சுழித்துப் பாய்ந்த இடத்தில் கிண்ணமாக, நெருக்கிப் பாய்ந்த இடத்தில் வளைவாகத் தேய்த்திருக்கிறது. வேலை இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு வெள்ளமும் மணலை அள்ளிப் போகிறது அல்லது கொண்டுவந்து கொட்டுகிறது, அதனால் போன வருடம் தோளுக்கு நேராக இருந்த வளைவு இந்த வருடம் இடுப்புக்கு நேராக இருக்கலாம். பிள்ளைகளுக்கு ஆற்றுமணலும் ஒரு கட்டிச் சோப்பும் கொடுத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், சுலபமாகப் புரியும்.

சுபாங்: அண்ணன் போனபோது கைப்பேசி ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டியதாம். அது என்ன கூத்து?

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நேர மாற்றம் அரிசோனாவில் கிடையாது. நவாஹோ நாடு என்கிற அந்த மக்களின் தன்னாட்சிப் பகுதியில் உண்டு. பக்கத்து யூட்டா மாநிலத்திலும் உண்டு, அதன் எல்லை பேஜுக்கு மிக அருகில். ஆகவே மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை உங்கள் கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். பள்ளத்தாக்குச் சுற்றுலாக்கள் அரிசோனா நேரப்படிதான், நவாஹோ நிலத்தில் இருந்தாலும். கைப்பேசியில் அரிசோனாவின் தலைநகரான "ஃபீனிக்ஸ்" என்று கையால் அமைத்துவிடுங்கள். நம் நேரத்துக்கு 15 மணி நேரம் பின்னால். தாமதமாக வந்தால் காத்திருக்க மாட்டார்கள்.

செராஸ்: வீசா, வண்டி?

மலேசியக் கடப்பிதழுக்கு வீசா வேண்டும். ஜாலான் துன் ரசாக் தூதரகத்தில் நேர்காணல், தேதி கிடைக்கவே நாளாகலாம், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருக்கும் உறவினருக்கு இணையத்தில் முன்னனுமதி எடுத்தால் போதும். லாஸ் வேகஸிலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் பேஜுக்கு ஏறக்குறைய நாலரை மணி நேர ஓட்டம். வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஜேபிஜேயில் (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் கார் சீட் கேட்பார்கள், மேல் பள்ளத்தாக்கு வண்டிக்கும் சேர்த்தே விசாரியுங்கள்.

பத்துமலை அக்கா: நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பேஜ் சின்ன ஊர்தான், ஆனால் பெரிய பேரங்காடி இருக்கிறது. அரிசி, காய்கறி, தயிர் வாங்கி, அடுப்பு உள்ள அறை எடுத்தால் பிரச்சினை இல்லை அக்கா. ஊரில் நவாஹோ ஃப்ரை பிரெட் (பொரித்த ரொட்டி) கிடைக்கும். 1864இல் அமெரிக்க ராணுவம் அந்த மக்களை ஊரைவிட்டுத் துரத்தி நடக்கவைத்து முகாமில் அடைத்தது. ரேஷனாகக் கொடுத்த மாவையும் கொழுப்பையும் வைத்து அவர்கள் சமாளித்ததில் வந்த பண்டம் அது. இன்றும் சில கடைகளில் பன்றிக் கொழுப்பில் பொரிப்பார்கள், எந்த எண்ணெய் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இங்கிருந்து மேகி கட்டிப் போகிறவர்கள் பாக்கெட்டில் இறைச்சி சேர்மானம் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

கெப்போங்: அவ்வளவு தூரம் போய், மழை என்று சுற்றுலாவை ரத்து செய்துவிட்டால்?

பணம் திரும்பும் நிறுவனமா என்று முன்பே படித்துக்கொள்ளுங்கள். பேஜில் ஒரே இரவு தங்காமல் இரண்டு இரவு வையுங்கள், மறுநாள் காலியிடம் கிடைக்கலாம். அன்றைக்கே பார்க்க ஹார்ஸ்ஷூ பெண்ட் இருக்கிறது. கொலராடோ ஆறு சுமார் 300 மீட்டர் ஆழத்தில் குதிரை லாடமாக வளைந்து ஓடும். போகவர இரண்டரை கிலோமீட்டர் நடை, கைடு தேவையில்லை, வண்டி நிறுத்தக் கட்டணம் மட்டும். கைப்பிடி வேலி கொஞ்ச தூரத்துக்குத்தான் உண்டு, பிள்ளைகளின் கையை விடாதீர்கள். இடி இடித்தால் அந்தத் திறந்த பாறையிலும் நிற்கக்கூடாது, வண்டிக்குள் வந்துவிடுங்கள்.