ஓட்டும் சோறும்: ஃபேனி லூ ஹேமர் பற்றிக் கேள்வி பதில்

கல்லூரி மாணவி ஒருவர்: மார்ட்டின் லூதர் கிங்கைத் தெரியும். ஃபேனி லூ ஹேமர் யார்?

பதில்: கறுப்பினத்தவரின் ஓட்டுரிமைக்காகப் போராடியவர். 1917-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். முதலாளி நிலத்தில் விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வார முறையில் பருத்தி விளைத்த கறுப்பினக் குடும்பத்தில் 20-வது பிள்ளை. ஆறு வயதிலேயே பருத்தி எடுக்கப் போனவர். தன்னைப் போன்றவர்கள் ஓட்டுக்குப் பதிந்துகொள்ளலாம் என்பதே அவருக்கு 44 வயதில்தான் தெரியவந்தது.

வழக்கறிஞர் ஒருவர்: இன அடிப்படையில் ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்று 1870-லேயே அரசியல் சட்டத் திருத்தம் வந்துவிட்டதே, அப்புறம் எப்படித் தடுத்தார்கள்?

பதில்: பரீட்சை வைத்து. 1962 ஆகஸ்ட் 31 அன்று ஹேமர் உட்பட 18 பேர் பஸ் ஏறி இண்டியனோலா ஊருக்குப் பதியப் போனார்கள். மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கி எழுதச் சொன்னார்கள். குதிரைக்குக் கிறிஸ்துமஸைப் பற்றி எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கும் அதைப் பற்றித் தெரியும் என்று ஹேமர் பின்னாளில் சொன்னார். திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்தது. பஸ்ஸின் மஞ்சள் நிறம் தூக்கலாக இருக்கிறதாம், அதுதான் குற்றம்! கையில் இருந்ததைப் போட்டுச் சேர்த்து அபராதம் கட்டிவிட்டு வந்தார்கள்.

அன்று இரவே பண்ணை முதலாளி வந்து நின்றார். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கு, இல்லையென்றால் கிளம்பு. "உங்களுக்காக நான் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன்" என்றார் ஹேமர். 18 வருடம் உழைத்த இடத்தை விட்டு அந்த இரவே வெளியேறினார். வேலை, வீடு, சோறு மூன்றும் ஒரே ஆள் கையில் இருந்தால் ஓட்டுரிமை ஏட்டோடு சரி என்பதை அவர் அன்றைக்கே கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன்.

செவிலியர் ஒருவர்: சிறையில் அடித்தார்களாமே?

பதில்: ஆமாம், 1963 ஜூனில், வினோனா ஊரில். கறுப்பினக் கைதிகள் இருவரை வைத்தே அடிக்கச் செய்தார்கள். சிறுநீரகப் பாதிப்பு கடைசிவரை தீரவில்லை. அதற்கு முன்பே, 1961-ல், கட்டி அகற்றப் போனவருக்கு ஒரு வார்த்தை கேட்காமல் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள்.

ஒரு வாசகர்: அதிபர் ஜான்சனே அவரைக் கண்டு பயந்தாரா?

பதில்: 1964-ல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில், வெள்ளையர் மட்டுமே இருந்த மிசிசிப்பி பிரதிநிதிக் குழுவுக்குப் பதிலாகத் தங்கள் குழுவை ஏற்க வேண்டும் என்று ஹேமர் சாட்சியம் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜான்சன் அவசரமாக நிருபர்களைக் கூட்டி கேமராக்களைத் தன் பக்கம் திருப்பினார். இரவுச் செய்தியில் நாடே அந்தச் சாட்சியத்தைப் பார்த்தது. அந்தக் குழுவுக்கு மாநாட்டில் இரண்டு இடம் மட்டும் தருகிறோம் என்று கட்சி பேரம் பேசியபோது, இரண்டு இடத்துக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று மறுத்துவிட்டார். மறுத்தது சரிதான். 1968 சிகாகோ மாநாட்டில் பிரதிநிதியாகவே உட்கார்ந்தார்.

அதே வாசகர்: இடதுசாரியா?

பதில்: அப்படி ஒரே பெட்டியில் அடைக்க முடியாது. வியட்நாம் போரை எதிர்த்தார். கருக்கலைப்பையும் கடுமையாக எதிர்த்தார். தேவாலயத்தில் வளர்ந்த பக்தி கடைசிவரை போகவில்லை.

விவசாயி ஒருவர்: ஹேமர் நடத்திய பன்றி வங்கி என்றால் என்ன?

பதில்: பெண் பன்றியை ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். குட்டி போட்டதும் சில குட்டிகள் அடுத்த குடும்பங்களுக்குப் போகும். 1969-ல் 40 ஏக்கரில் கூட்டுறவுப் பண்ணையும் தொடங்கினார். குளிர்காலத்துக்கு 400 குவார்ட் (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்) கீரையும் சூப்பும் பதப்படுத்தி வைத்திருந்தால் யாரும் உன்னை மிரட்ட முடியாது என்பார். 1977-ல் இறந்தவரை அந்தக் கூட்டுறவு வாங்கிய நிலத்தில்தான் அடக்கம் செய்தார்கள்.