முதலில் தகட்டைப் பாருங்கள்

கேள்வி: 1972 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார், கூரை இல்லாத வகை. முன்பக்கம் மோதி நசுங்கியிருக்கிறது. இன்ஜின் நன்றாக ஓடுகிறது. ஓட்டுநர் பக்கக் கதவு மட்டும் சரியாகச் சாத்தவில்லை. வாங்கிச் சீரமைக்கலாமா?

பதில்: நீங்கள் "மட்டும்" என்று ஒதுக்கிய அந்தக் கதவுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது. கூரையும் இல்லாததால், கார் வளையாமல் தாங்குவதில் பெரும்பங்கு கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டிக்கு உண்டு. மோதலின் அடி அதுவரை போயிருக்கலாம். துரு அதைத் தின்றிருக்கலாம். கதவின் மேலும் கீழும் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். அளவு மாறினால் பாடி பலம் இழந்துவிட்டது.

அப்படியும் காப்பாற்றலாம். எம்ஜிபிக்கு பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் முழு பாடியையே புதிதாகச் செய்து விற்றுவந்திருக்கிறது. ஆனால் டிங்கரிங், பெயின்ட், உதிரிபாகம் எல்லாவற்றுக்கும் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதில் பாதியை மேலும் கூட்டி, நல்ல நிலையில் ஓடும் இன்னொரு எம்ஜிபியின் விலையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ஓடும் கார்தான் மலிவாக முடியும். மீறி இறங்கினால், அந்தப் பெட்டியை வெட்டுவதற்கு முன், பாடி வளையாமல் இருக்கக் கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி பற்றவைக்கச் சொல்லுங்கள். "எதற்கு?" என்று கேட்கும் பட்டறையிலிருந்து காரைத் திரும்ப எடுத்துவந்துவிடுங்கள்.

கேள்வி: லோட்டஸ் எலான் ஃபைபர் பாடி, துருவே பிடிக்காது என்கிறார் விற்பவர். உண்மையா?

பதில்: பாடிக்குப் பிடிக்காது. உள்ளே முதுகெலும்பாக இருக்கும் சேசிஸ் எஃகு. அதைப் பாருங்கள்.

கேள்வி: 1970 போர்ஷே 911. புகைப்படத்தில் பளபளவென்று இருந்தது, முன்பணம் அனுப்பிவிட்டேன். 911-க்குத் துருவைத் தடுக்கும் துத்தநாகப் பூச்சு உண்டு என்பதால் அடிப்பாகத்தைப் பார்க்கவில்லை. சரிதானே?

பதில்: சரியில்லை. முழு பாடிக்கும் துத்தநாகம் பூசிய தகடு வந்தது 1976 மாடலில் இருந்துதான். காருக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதுவது? மீதிப் பணத்தையாவது நிறுத்திவையுங்கள்.

கேள்வி: "முழுமையாகச் சீரமைக்கப்பட்டது" என்ற விளம்பரத்தை நம்பி ஒரு வியாபாரியிடம் டட்சன் 240இசட் வாங்கினேன். ஆறே மாதத்தில் பின்சக்கர வளைவில் பெயின்ட் கொப்பளித்தது. சுரண்டினால் விரல் தடிமனுக்குப் பட்டி. போனை எடுக்க மறுக்கிறார்.

பதில்: உங்கள் மீது தவறில்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.

பட்டி என்பது தட்டி நிமிர்த்திய தகட்டின் மேல் மெல்லிய மேடு பள்ளத்தைச் சமன்செய்ய. ஓட்டையை அடைக்க அல்ல. அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; அடியில் துரு தொடர்ந்து அரிக்கும்; ஒரு மழைக்காலம் போனதும் பெயின்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும். இதைத் தெரிந்தேதான் செய்கிறார்கள். நானும் இப்படி ஒரு கூபேயை வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகு கதவுக்கு அடியில் காந்தத்தை வைத்தேன். ஒட்டாமல் தரையில் விழுந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், உள்ளே போயிற்று. வெளியே வந்தது பட்டியும் பழைய செய்தித்தாளும். அன்றிலிருந்து காந்தம் இல்லாமல் நான் எந்தக் காரையும் பார்க்கப் போவதில்லை. (ஜாகுவார் ஈ-டைப் போன்ற கார்களில் இணைப்புகளைத் தொழிற்சாலையிலேயே ஈயத்தால் நிரப்பினார்கள். அங்கே காந்தம் ஒட்டாததை வைத்து மட்டும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.)

இனி எதையும் சுரண்டாதீர்கள், பழுது பார்க்கவும் கொடுக்காதீர்கள். அந்த விளம்பரத்தைச் சேமித்துவையுங்கள். வழக்கின் உயிர் அதில்தான். விற்றவரோடு தொடர்பில்லாத பட்டறையில் எழுத்துபூர்வ அறிக்கை வாங்குங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி நாள் குறித்துக் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் புகாராகக் கொண்டுபோங்கள். தனி நபர் விற்றிருந்தால் வழி கடினமாக இருந்திருக்கும். வியாபாரி என்பது உங்களுக்குச் சாதகம்.

கேள்வி: பாடி சுத்தம், இன்ஜின் இறுகிவிட்டது. பயப்படவா?

பதில்: வேண்டாம். இன்ஜின் வேலைக்கு முடிவு உண்டு, துருவுக்கு இல்லை. ஸ்பார்க் பிளக் துளைகளில் எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவிடுங்கள். ஸ்டார்ட்டரைப் போட்டு வலுக்கட்டாயமாகச் சுழற்றாதீர்கள். வேறு இன்ஜின் மாற்றச் சொன்னால், பழையதன் எண் ஆவணத்தோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பொருந்தினால் அதை எக்காரணத்துக்காகவும் விற்காதீர்கள்.

கேள்வி: அப்பா ஓட்டிய ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர், விபத்துக்குப் பின் இருபது ஆண்டாகக் கொட்டகையில் கிடக்கிறது. அவர் இப்போது இல்லை. செலவு காரின் மதிப்பைத் தாண்டும், இரும்புக்கடைக்குப் போடு என்கிறார்கள்.

பதில்: கணக்கு அவர்கள் சொல்வதுதான். ஆனால் விற்பதற்காக வாங்குபவரின் கணக்கு அது. நீங்கள் விற்கப் போவதில்லை. திரும்ப வராது என்று தெரிந்தே செலவிடக்கூடிய தொகை எவ்வளவு என்பதை வீட்டில் பேசி முடிவுசெய்யுங்கள். அதற்குள் அடங்கினால் செய்யுங்கள், கடன் வாங்கிச் செய்யாதீர்கள். ஸ்பைடர் 1966 முதல் 1990-களின் தொடக்கம் வரை வந்த கார், உதிரிபாகம் கிடைக்கும். அவசரமில்லை. இப்போதைக்குக் காரைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, கொட்டகைக் கூரை ஒழுகினால் அடைத்துவிடுங்கள். கழன்று கிடக்கும் பாகங்களை ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பெயர் எழுதிவையுங்கள். டாஷ்போர்டு பெட்டிக்குள் அப்பா கையெழுத்திட்ட சர்வீஸ் ரசீது ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.