காசில்லா வெண்டிங் மெஷின்: நெல்லைப் பக்கம் வந்த கேள்விகளும் பதில்களும்

நெல்லை, பாளை, கங்கைகொண்டான் பக்கம் ஆபீஸ்களிலும் ஆலைகளிலும் வெண்டிங் மெஷின் வைத்துப் பராமரிப்பது என் தொழில். ஃபோனிலோ அடையாள அட்டையிலோ பணம் கட்டி எடுக்கும் மெஷின்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

அண்ணாச்சி, எங்க ஆலைல காசு போடுற மெஷின் ஒண்ணு பாதி நாள் சும்மாதான் நிக்கி. யுபிஐ மெஷினா மாத்துனா அப்படி என்ன லாபம்? (கங்கைகொண்டான் சிப்காட், மனிதவளப் பிரிவு)

முதல் லாபம் சில்லறைத் தொல்லை ஒழிவது. பத்து ரூபாய் நாணயத்தின் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் நம்ம பக்கம் அதை வாங்கத் தயங்குகிற கடைகள் இருக்கின்றன. அதனால் பலர் பையில் அந்தக் காசே இருக்காது. கசங்கிய நோட்டையோ மெஷின் வெளியே தள்ளிவிடும். ராத்திரி ஷிஃப்டில் பசியோடு வந்து, நோட்டை நீவி நீவிப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது சார். அந்த நேரத்தில் அவர் வெளியே போய்க் கடை தேடவும் முடியாது.

அடுத்தது, கணக்கு. எந்த வரிசையில் எத்தனை பாக்கெட் போனது என்று ஒவ்வொரு விற்பனையும் பதிவாகும். எது தீர்ந்தது என்று பராமரிப்பவர் தன் இடத்திலிருந்தே பார்த்துச் சரக்கோடு கிளம்பலாம். உண்டியலைத் திறந்து எண்ணுகிற வேலையும், எண்ணியதில் வருகிற சந்தேகமும் இல்லை.

பணம் போயிட்டு, பிஸ்கட் வரல. யார்கிட்ட கேக்கணும்? (பாளையங்கோட்டை, செவிலியர்)

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். நடப்பது இரண்டில் ஒன்று.

திரையில் வரும் கியூஆரை நீங்கள் ஸ்கேன் செய்து பணம் கட்டியதும், பணம் வந்தது என்ற தகவல் இணையம் வழியாக மெஷினுக்கு வர வேண்டும். வந்தால்தான் மோட்டார் சுற்றும். கணக்கில் பணம் கழிந்து, கடைக்காரர் பக்கம், அதாவது இங்கே மெஷினுக்கு, உறுதித் தகவல் வராமல் போனால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி. பத்து ரூபாய்தானே என்று விடாதீர்கள், உங்கள் செயலியிலேயே புகார் போடுங்கள்.

இன்னொன்று, பாக்கெட்டைத் தள்ளும் கம்பிச் சுருள் சுற்றியும் பாக்கெட் நடுவில் மாட்டிக்கொள்வது. இங்கே வங்கியின் தவறு எதுவும் இல்லை, மெஷின் வைத்தவர்தான் பொறுப்பு. பொருள் விழுந்ததா என்று பார்க்கும் சென்சார் உள்ள மெஷின் என்றால், விழாதபோது பணத்தைத் திருப்பிவிடும்படி அமைக்கலாம். வாங்கும்போது அந்த சென்சாரைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் அதை விடக்கூடாது. சென்சார் இல்லையென்றால் வரிசை எண்ணையும் பணம் போனதைக் காட்டும் ஃபோன் திரையையும் படம் எடுத்து, மெஷினில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு அனுப்புங்கள். தயவுசெய்து மெஷினைப் பிடித்து உலுக்காதீர்கள். அது சாய்ந்து விழுந்து உயிர் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன.

மெஷின் வந்தா கேன்டீனை மூடிரலாம்னு மேனேஜர் சொல்லுதாரு. சரியா? (தாழையூத்து)

சரியில்லை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வைக்க அரசு உத்தரவிடலாம் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. 2020-இல் இயற்றிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 100 ஆகக் குறைத்தது. பிஸ்கட்டும் காபியும் சாப்பாடு ஆகாது. கேன்டீன் மூடியிருக்கும் நேரத்துக்குத்தான் மெஷின்.

அண்ணே, எங்க மில்லுல நாப்கின் மெஷினுக்கு அஞ்சு ரூபா காசு வேணும். ஃபோனை கேட்லயே வாங்கி வச்சிருதாங்க. அவசரத்துக்கு என்ன செய்ய? (அம்பாசமுத்திரம் பக்கம், மில் தொழிலாளி)

தங்கச்சி, இந்த மெஷினுக்கு யுபிஐ வைத்தாலும் உங்களுக்குப் பயன்படாது. அடையாள அட்டையைத் தட்டினால் தருகிற மாதிரி அமைக்கலாம். அதைவிட, கட்டணமே இல்லாமல் நிர்வாகம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு மாதத்துக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டு நிர்வாகத்திடம் காட்டுங்கள். அவர்கள் தயங்குவது பெரும்பாலும் எவ்வளவு ஆகும் என்று தெரியாததால்தான்.

தின்பண்ட மெஷினுக்கும் ஃபோன் அனுமதியில்லாத ஆலைகளில் அட்டைதான் வழி. முன்பணம் ஏற்றும் முறையை வையுங்கள். சம்பளத்தில் பிடிப்பதாக இருந்தால் தொழிலாளியின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிய பிறகுதான் செய்ய வேண்டும்.

எங்க ஆபீஸ் துப்புரவு ஆச்சிகிட்ட ஸ்மார்ட்போன் இல்ல. அவங்க எப்படி வாங்குவாங்க? (வண்ணார்பேட்டை)

இதைக் கேட்டதற்கு நன்றி தம்பி. மெஷின் வைக்கும் ஒவ்வொரு இடத்திலும் நான் சொல்வது, ஒப்பந்த ஊழியர்களுக்கும் சேர்த்து அட்டை கொடுங்கள் என்பதுதான். ஆபீஸில் ஒருவரிடம் ரொக்கம் கொடுத்தால் அட்டையில் ஏற்றித் தர வேண்டும். இதைச் செய்யாத இடத்தில் அந்த ஆச்சி யாரையாவது கெஞ்சித்தான் ஒரு டீ குடிக்க முடியும். அதற்கு மெஷின் வைக்காமலே இருக்கலாம்.

பத்து ரூபா காபிக்கெல்லாம் பாஸ்புக் நிறையுது அண்ணாச்சி.

யுபிஐ லைட் போடுங்கள். சின்னச் செலவுக்கென்று யுபிஐ செயலியிலேயே முன்கூட்டிப் பணம் ஏற்றி வைக்கும் வசதி அது. ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை, இருப்பு 5,000 வரை. பின் எண் வேண்டாம். பணம் ஏற்றியது மட்டும் பாஸ்புக்கில் வரும்.

உள்ளே என்ன சரக்கு வைக்கலாம்?

சித்திரை வெயிலில் குளிரூட்டாத மெஷினில் சாக்லேட் வைக்காதீர்கள். உருகிச் சுருளில் ஒட்டிக்கொள்ளும். கோவில்பட்டி கடலை மிட்டாய், சாத்தூர் காராச்சேவு இரண்டும் நம்ம ஆட்களுக்குப் பிடிக்கும், வயிற்றுக்கும் கொஞ்சம் தாங்கும். பாக்கெட்டில் தயாரிப்புத் தேதியும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

யுபிஐக்கு கமிஷன் உண்டா? மெஷின் வைக்கலாம்னு இருக்கேன். (மேலப்பாளையம்)

வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி முதல் வணிகரிடம் எம்டிஆர் கட்டணம், அதாவது நீங்கள் கேட்கும் கமிஷன், வசூலிப்பதில்லை. ஆனால் மெஷினை இணையத்தோடு இணைத்துத் தரும் நிறுவனம் மாதக் கட்டணம் கேட்கலாம். ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். கியூஆர் திரையில் ஒவ்வொரு முறையும் புதிதாக வருவதாக இருக்கட்டும். ஒட்டின ஸ்டிக்கர் என்றால் அதன் மேலேயே வேறொருவர் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகலாம். இடத்தை முடிவு செய்யும் முன் எந்த சிம்முக்கு அங்கே சிக்னல் விடாமல் கிடைக்கிறது என்று பகலிலும் ராத்திரியிலும் பாருங்கள்.