வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆன்லைனில் 120 மணி நேர டெஃபில் (ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் பயிற்சி) படிப்பு முடித்திருக்கிறேன். வெளிநாட்டு மொழிப்பள்ளிகளுக்கு விண்ணப்பிக்க இது போதுமா?

பதில்: பல பள்ளிகள் முதல் கட்டத்தில் இதை ஏற்கும். ஆனால் அடுத்த கேள்வி, "யாருக்காவது பாடம் எடுத்திருக்கிறீர்களா?" என்பதுதான். கேம்பிரிட்ஜின் செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழுக்கு மதிப்பு கூடுதலாக இருப்பதும் அதனால்தான். அதில் நிஜ மாணவர்களுக்கு 6 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். பயிற்சியாளர் உடனிருந்து கவனித்து நிறைகுறை சொல்வார். அது இல்லையென்றால், டியூஷன் எடுத்திருந்தாலும் மாணவர்களின் வயது, எண்ணிக்கை, நிலை, நீங்கள் நடத்தியது என்ன என்று பயோடேட்டாவில் எழுதுங்கள். "கற்பிப்பதில் ஆர்வம் உண்டு" என்ற வரியை எடுத்துவிடலாம்.

அதற்கும் முன்பாகக் குடியுரிமை விதியைப் பாருங்கள். தென் கொரியா மொழி ஆசிரியர்களுக்குத் தரும் இ-2 விசா பொதுவாக 7 நாடுகளின் குடிமக்களுக்குத்தான். இது தெரியாமல் மாதக்கணக்கில் விண்ணப்பம் போடுகிறவர்கள் உண்டு.

கேள்வி: சான்றிதழ்களை வாங்கி, வெளிநாட்டில் செல்லும்படி முத்திரை பெறும் வேலைகளை எப்போது தொடங்குவது?

பதில்: பட்டச் சான்றிதழை இப்போதே, காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழை வேலை உறுதியாகும் சமயத்தில். பின்னதை 6 மாதத்துக்குள் வாங்கியதாகக் கேட்கும் நாடுகள் பல. உங்கள் நாடும் வேலை செய்யப்போகும் நாடும் 1961 ஹேக் உடன்படிக்கையில் இருந்தால் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று அரசு தரும் சான்று) போதும். இல்லையென்றால் தூதரகச் சான்றொப்பமும் வேண்டும். சீனா 2023 நவம்பர் முதல் அப்போஸ்டிலை ஏற்கிறது. சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள், அதன்மேல் முத்திரை பதியாது. பட்டத்தில் தலைப்பெழுத்து, பாஸ்போர்ட்டில் முழுப்பெயர் என்றிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

கேள்வி: 15 நிமிட டெமோ வகுப்பில் எதைக் கவனிப்பார்கள்?

பதில்: நீங்கள் எவ்வளவு குறைவாகப் பேசுகிறீர்கள் என்பதை. "ஹீ யூஸ்டு டு ஸ்மோக்" (முன்பு புகைக்கும் பழக்கம் இருந்தது, இப்போது இல்லை) என்ற வாக்கியத்தை நடத்துகிறீர்கள் என்று வையுங்கள். இலக்கண விளக்கம் சொல்லி "புரிந்ததா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதிலிருந்து எதுவும் தெரியாது. மாறாக, "முன்பு புகைத்தாரா? ஒரே ஒரு தடவையா, வழக்கமாகவா? இப்போதும் உண்டா?" என்று எளிய ஆங்கிலத்தில் கேளுங்கள். புரியாதவர் கடைசிக் கேள்வியில் மாட்டிக்கொள்வார். பிறகு இருவர் இருவராகத் தங்கள் பழைய பழக்கங்களைப் பேசவிடுங்கள். நேரத்தில் பாதி அவர்களுக்குப் போகட்டும்.

கேள்வி: "சுற்றுலா விசாவில் வந்து வேலையைத் தொடங்குங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார்கள். போகலாமா?

பதில்: வேண்டாம். பிடிபட்டால் நாடு கடத்தப்படுவது நீங்கள்தான். வேலை அனுமதி யார் பொறுப்பு, வாரப் பாட நேரத்துக்கு மேல் எத்தனை மணி நேரம் பள்ளியில் இருக்க வேண்டும், பாதியில் விலகினால் என்ன பிடித்தம் என்று மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.